அறுபத்தொன்றில் ஒரு முகடு

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் குடையின் இரண்டு கம்பி போயிற்று. பொத்தேரியில் இறங்கினால் வெயில். வேண்டுமென்றே செய்கிறது.

இன்று:
– எல்.சி.ஆர். மீட்டர் (மின்காப்பு அளக்கும் கருவி), பத்து முதல் ஒன்று வரை என் முறை
– படிகம் அ: வெள்ளிப்பசை காய்ந்ததா
– அம்மாவிடம் ரிவ்யூ தேதி சொல்ல (கமிட்டி முன், 20, வியாழன்)
– குடை

படிகம் அ நகத்தளவுதான். நிறமில்லை. மூன்று வாரம் ஒரு பீக்கரில், யாரும் மேசையை இடிக்காமல் காவல் காத்து வளர்த்தது. காட்மியமும் குளோரினும் கட்டிய அடுக்குகள். அடுக்குகளுக்கு நடுவே வால் நீண்ட கரிம மூலக்கூறுகள். பாதி கனிமம், பாதி கரிமம். அம்மாவிடம் ஒருமுறை விளக்கினேன். "ரெண்டுங்கெட்டான்னு சொல்லு" என்றாள். மூன்றரை வருஷத்தில் என் ஆராய்ச்சியைப் பற்றி யாரும் சொன்னதில் மிகச் சரியான வாக்கியம்.

வேலை இதுதான்: படிகத்தின் இரு முகத்திலும் வெள்ளிப்பசை தடவி, கம்பி ஒட்டி, சின்ன உலையில் வைத்து டிகிரி டிகிரியாகச் சூடாக்கி, மின்காப்பு மாறிலியைக் குறிப்பது. மின்புலம் தொட்டால் உள்ளே இருப்பவை எவ்வளவு அசைந்து கொடுக்கின்றன என்று பார்ப்பது. அசைவு திடீரென்று மாறினால் உள்ளே ஏதோ ஒழுங்கு குலைந்தது என்று பொருள். நிலைமாற்றம்.

எங்கள் லேபில் பசையைச் சிவப்பு விளக்கின் கீழ் வைத்துக் காயவைப்பார்கள். அரை மணியில் காய்ந்துவிடும். வெள்ளியன்று பல்பு பியூஸ். அதனால் படிகத்தை டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் நீல மணிகள் போட்ட மூடிய கண்ணாடிப் பாத்திரம்) நாலு நாள் விட்டேன். சோம்பல் என்றும் சொல்லலாம்.

50. ஒன்றுமில்லை. 55. ஒன்றுமில்லை. 58இல் எண் நகர்ந்தது. 61இல் மூன்று மடங்கு. 64இல் பழையபடி.

முகடு.

இந்தப் படிகத்தில் இந்த இடத்தில் எதுவும் இருக்கக் கூடாது. பிரபா அக்கா (லேபில் என் சீனியர், ஜனவரியில் தீசிஸ் கொடுக்கிறாள்) இதே படிகத்தை மூன்று வருஷம் முன்பு அளந்தாயிற்று. பேப்பரும் வந்தாயிற்று. "30 முதல் 120 டிகிரி வரை நிலைமாற்றம் இல்லை." அதில் சார் பெயரும் உண்டு.

கம்பி தளர்வா? இல்லை. பசை உரிந்ததா? இல்லை.

ஆறவிட்டுத் திரும்பி அளந்தேன். இறங்கும் வழியில் முகடு இல்லை. தட்டை.

லெமன் சாதம் அப்படியே வீடு திரும்பியது. அம்மா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நவம்பர் 5, புதன்

வெயில். புழுக்கம். சட்டை முதுகில் ஒட்டுகிறது.

சாரிடம் காட்டினேன். சார் என்றால் என் கைடு. ஏ.சி. அறையில் ஸ்வெட்டர் போட்டு உட்காருபவர். எதையாவது உண்மையாகப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார். இன்று ஏற்றவில்லை.

"தண்ணி" என்றார்.

"சார்?"

"மாய்ஸ்ச்சர். நவம்பர்ல மெட்ராஸ்ல தண்ணிக்குப் பஞ்சமா? விளக்குல காய வெச்சியா?"

"பல்பு போயிடுச்சு சார். டெசிகேட்டர்ல."

"அதான். சரியா காயல. சூடு பட்டதும் தண்ணி போயிருக்கும். திரும்ப ஏத்து, பீக் இருக்காது. பெட்டு?"

மத்தியானம் ஏற்றினேன். இல்லை. 30 முதல் 120 வரை, பிரபா அக்கா வரைந்த அதே கோடு.

"பாத்தியா?"

"ஆனா சார், அதிர்வெண் மாத்திப் பாத்தேன். ஒரு கிலோஹெர்ட்ஸ்லயும் 61, நூறு கிலோஹெர்ட்ஸ்லயும் அதே 61. தண்ணின்னா பீக் நகரணும் இல்லையா?"

"நகரும், நகராது. என் சர்வீஸ்ல நாப்பது புது பீக் பாத்திருக்கேன் ஷீபா. முப்பத்தஞ்சு தண்ணி. ரிவ்யூல இதக் காட்டிக் கெடுத்துக்காத."

மீதி ஐந்து?

கேட்கவில்லை. படியிறங்கிய பிறகுதான் கேட்கத் தோன்றியது. என் எதிர்ப்பெல்லாம் படிக்கட்டில்தான்.

நவம்பர் 6, வியாழன்

லேடீஸ் பெட்டியில் ஊரப்பாக்கம் வரை ஒரு பெண் போனில்: "நான் சொன்னேன்ல, அது கேஸ் டிரபிள்தான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அப்புறம் பாத்தா கல்லு. பித்தப்பைல. இத்தினி பெருசு." எல்லாரும் அவள் விரலைப் பார்த்தோம்.

தண்ணீராகவும் இருக்கலாம். அதையும் எழுதி வைக்கிறேன். என் பக்கம் மட்டும் எழுதினால் இது டைரி இல்லை, மனு.

தண்ணீரா, நிலைமாற்றமா என்பதை வெப்ப ஆய்வுக் கருவி ஒரு நாளில் தீர்த்துவிடும். டிபார்ட்மென்டில் அது பழுது. சரிசெய்ய ஆள் வருவது அடுத்த மாதம். வெளியே அனுப்பினால் வரிசை அதைவிட நீளம். ரிவ்யூ 20.

அம்மா பேப்பர் திருத்துகிறாள். ஏழாம் வகுப்பு, அறிவியல். ஒரு பெண், "தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை" என்ற இடத்தில் 98 என்று எழுதி, பக்கத்தில் "எங்கள் லேபில் அளந்தது" என்று சேர்த்திருக்கிறாள். அம்மா சிவப்பில் பெருக்கல் குறி.

"ஏம்மா தப்பு போட்ட?"

"நூறு."

"அவ தெர்மாமீட்டர்ல தொண்ணூத்தெட்டு காட்டியிருக்கு. அதானே அவ எழுத முடியும்?"

"ஆன்சர் கீல நூறு இருக்கு ஷீபா. உன் சண்டைய ஏழாங்கிளாஸ்ல கொண்டு வராத." பிறகு, நிமிராமல்: "சார் கையெழுத்து போட்டாதான டிகிரி. அனுசரிச்சுப் போயேன்."

அனுசரித்து. இந்த வீட்டில் அதிகம் பயன்பட்ட வினையெச்சம்.

நவம்பர் 7, வெள்ளி

மேகம். மழை இல்லை.

லேப் அட்டென்டர் டில்லி அண்ணா புது பல்பு மாட்டினார். ஸ்டூல் மேல் நின்றபடி:

"இந்த லைட்டுக்கு ஒரு கத கீது, தெரியுமா? அந்தப் பெரிய வெள்ளம் வந்துச்சே, அந்த வருசம். உங்க சில்வர் பேஸ்ட்டு காயவே இல்ல. அப்ப இருந்த புள்ளைங்க எல்லாம் அழுதுகினு கெடந்துச்சுங்க. எங்க வூட்ல அம்மாவுக்கு முட்டி வலிக்குனு டாக்டர் எழுதிக் குடுத்த செவப்பு லைட்டு. அத எட்டாந்து வெச்சேன். அப்பலேந்து ஓடுது."

"அம்மாவுக்கு?"

"அம்மாக்கு இன்னா, வேற வாங்கிக்கினோம். முட்டி தான் அப்படியே கீது."

சிரித்தேன். பல்பு எரிந்தது. மேசை முழுக்க சிவப்பு. கையைக் காட்டினேன், இதமாக இருந்தது. இதம்தான் சந்தேகம் தந்தது. முட்டிக்குச் செய்த விளக்கு.

யாரும் எப்போதாவது இதன் கீழ் தெர்மாமீட்டர் வைத்தார்களா? பிரபா அக்கா எனக்குச் சொல்லித் தந்தது: "ஒரு சாண் கீழ, அரை மணி." டிகிரி சொல்லவில்லை. அவளுக்குச் சொன்னவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் ஜூனியர்களுக்குச் சொன்னதும் அதே: ஒரு சாண், அரை மணி.

வைத்தேன். ஒரு சாண் கீழே. அரை மணி.

74.

விளக்கை அணைத்தேன். பிறகு இதை எழுதினேன்:

1. முகடு 61இல்.
2. விளக்கின் கீழ் 74.
3. ஆறும்போது முகடு இல்லை. அதாவது சூட்டில் கலைந்த வால்கள் உடனே பழைய வரிசைக்குத் திரும்புவதில்லை.
4. அதனால் இந்த லேபில் அளக்கப்பட்ட ஒவ்வொரு படிகமும் மீட்டருக்கு வருமுன்பே மாறிவிட்டது. மாறிய பிறகு அளந்துவிட்டு, மாற்றமில்லை என்று எழுதினோம்.
5. பல்பு பியூஸ் ஆனதால் முதல்முறையாக ஒரு படிகம் மாறாமல் உள்ளே போனது.

டில்லி அண்ணா எட்டிப் பார்த்தார். "இன்னா, என் லைட்டு எதுனா பேஜார் பண்ணிச்சா?"

"லைட்டு இல்லண்ணா. நாங்க."

நவம்பர் 8, சனி

இரவு மழை, காலையில் இல்லை. ஜி.எஸ்.டி. ரோடெல்லாம் சேறு.

சாரிடம் 74 என்றேன். முதல்முறையாகக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. பிறகு இறங்கியது.

"எழுபத்துநாலுல தண்ணியும்தான போகும்? விளக்கு வெச்சா தண்ணி போகும், பீக் இல்ல. வெக்கலன்னா தண்ணி இருக்கு, பீக் இருக்கு. என் கதையும் பொருந்துது, உன் கதையும் பொருந்துது. அப்ப எது?"

நியாயம். எரிச்சலூட்டும் நியாயம்.

"மீதி அஞ்சு என்ன சார்?"

"எந்த அஞ்சு?"

"நாப்பதுல முப்பத்தஞ்சு தண்ணின்னீங்க."

சிரித்தார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் இந்த டைரி எளிது.

சோதனையை நானே சொன்னேன். இரண்டு படிகம், அ-வும், அதோடு அதே பீக்கரில் வளர்ந்த இ-யும். இரண்டையும் சூடாக்கி முகட்டைப் போக்கிவிட்டு, நீல மணிகளோடு ஆளுக்கொரு டெசிகேட்டரில் பூட்டுவது. உள்ளே ஈரம் கிடையாது. முகடு தண்ணீர் என்றால் திரும்பி வர வழியே இல்லை. வால்கள் என்றால், மெல்ல மெல்ல, வரிசைக்கு வந்து, திரும்பி வரும்.

"எத்தன நாள்?"

"தெரியாது சார்."

"ரிவ்யூ இருபது. ஸ்லைடு பதினெட்டுக்குள்ள எனக்கு வேணும். வரலன்னா அந்தப் படம் எதுலயும் இருக்கக் கூடாது. தீசிஸ்லயும்தான். சரியா?"

சரி என்றேன். இரண்டு மூடியிலும் காகிதம் ஒட்டி, அவரே தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

சிக்கல்: பார்ப்பதற்குச் சூடாக்க வேண்டும். சூடாக்கினால் மறுபடி கலைந்துவிடும். ஒவ்வொரு படிகத்தையும் ஒரே ஒரு தடவைதான் பார்க்கலாம். இரண்டு படிகம், இரண்டு பார்வை.

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனை. பாஸ்டரம்மா: "எப்பம்மா முடிக்கிற?" நான்: "முடியும்போது ஆண்ட்டி." அம்மா என் கையைக் கிள்ளினாள்.

மாலை செம்பாக்கம் ஏரிக்கரை. நீர் ஏறியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஏறினால் தெருவுக்கு வரும். நடைப்பயிற்சி மாமாக்கள் இருவர்:

"போன வருஷம் இதுக்கு மேல இருந்துச்சு சார்."

"இல்ல சார், கீழ."

"நான் இங்கதான நின்னேன்?"

"நானும் இங்கதான் நின்னேன்."

இருவரும் அளக்கவில்லை. இருவருக்கும் சந்தேகமில்லை. பொறாமையாக இருந்தது.

நாள் 1. படிகங்கள் இருட்டு அலமாரியில். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் சோதனை. நான் இதில் தேர்ச்சி பெறாதவள்.

நவம்பர் 12, புதன்

மழை.

நாள் 4. பொறுக்கவில்லை. படிகம் அ-வின் முத்திரையைக் கிழித்தேன். மணிகள் நீலம்.

55. 58. 60. 61. 62. 65.

தட்டை.

ஒரு பார்வை போயிற்று. அவசரம், வேறு காரணமில்லை. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை என்பதையும் எழுதுகிறேன்.

சார்: "ஆச்சா?" குரலில் வெற்றி இல்லை. அதுதான் கொடுமை. "விடு ஷீபா. மத்ததெல்லாம் நல்லா வந்திருக்கு. நாலு ஸ்லைடு குறையும், அவ்ளோதான்."

"இன்னொண்ணு இருக்கு சார்."

"அதுவும் இதே மாதிரிதான் இருக்கும்."

"இருந்தா எடுத்துடறேன்."

படிக்கட்டில் அல்ல. அவர் அறையிலேயே, அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். குறித்துவைக்கத் தக்கது.

இ-யைப் பதினெட்டாம் தேதி காலைக்கு முன் தொடுவதில்லை.

நவம்பர் 13, வியாழன்

பிரபா அக்கா.

யார் சொன்னார்களோ. கேன்டீனில் காபி டம்ளரோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். எனக்குக் கம்பி ஒட்டக் கற்றுத்தந்த கை. பசை விரலில் பட்டால் போகாது, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டு என்பாள்.

"என் சாப்டர் மேல எதுக்குடி கை வெக்கற?"

"நான் உங்க சாப்டரப் பத்தி பேசலக்கா. விளக்கப் பத்தி."

"விளக்குல வெச்சது யாரு? நான். அளந்தது யாரு? நான். மூணாவது சாப்டர் முழுக்க அதான். தட்டைக் கோடு, நாப்பது பக்கம். அது தப்புன்னு நீ நின்னு சொல்லப் போற, கமிட்டி முன்னாடி."

"அளந்தது தப்பில்லக்கா. சரியாத்தான் அளந்தீங்க. நீங்க அளக்கறதுக்குள்ள படிகம் வேறயா ஆயிருந்துச்சு."

"பெரிய வித்தியாசம்!"

"எனக்குப் பெரிய வித்தியாசம்தான்."

"ஜனவரி ஷீபா. எட்டு வருஷம். நடுவுல கல்யாணம், குழந்த, மாமியார் ஆபரேஷன். ஜனவரில நான் குடுக்கணும். உனக்கு என்ன, இன்னும் வருஷம் கிடக்கு."

காபி ஆடை கட்டியது. இருவரும் அதையே பார்த்தோம்.

"எடுக்க மாட்ட?"

"வந்தா எடுக்க மாட்டேன்."

எழுந்து போனாள். டம்ளரை வைத்த இடத்தில் வட்டம்.

ரயிலில் யோசித்தேன். அவளுக்காக எடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அடுத்து வருகிற பெண்ணுக்கு ஒரு சாண், அரை மணி என்று சொல்லித் தரலாம். அவளும் தட்டைக் கோடு வரைவாள். அன்பு என்ற பெயரில் ஒரு பொய் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் காய்ந்துவருகிறது போல.

மாட்டேன்.

நவம்பர் 15, சனி

பலத்த மழை. கல்லூரி விடுமுறை. தாம்பரம் சப்வேயில் இடுப்பளவு என்றார்கள். ரயில் மட்டும் ஓடியது, மெதுவாக, வண்டலூரில் இருபது நிமிஷம் நின்று யோசித்து.

ஏன் போனேன்: நீல மணிகள். ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். மூடியின் விளிம்பில் தடவிய கிரீஸ் எங்காவது விட்டிருந்தால், இந்த மழைக் காற்று உள்ளே போயிருந்தால், ஏழு நாள் காத்திருப்பும் வீண். முகடு வந்தாலும் "தண்ணி" என்பார். அப்போது அவர் சொல்வது சரியாகவே இருக்கும்.

டில்லி அண்ணா வராந்தாவில் தண்ணீர் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இன்னா ஷீபாம்மா, நீந்திகினு வந்தியா? லீவுன்னு மெசேஜ் வர்லியா?"

"கலர் பாக்கணும்ணா."

"கலரா! டிவில பாக்கக் கூடாதா?" சாவியைத் தூக்கிப் போட்டார்.

அலமாரி. டார்ச். மூடிக்குள், கண்ணாடிக்கு அப்பால்:

நீலம்.

ஒரு மணிகூட மாறவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, ஐந்து விரலும் ஊறிச் சுருங்க, இந்த ஊரிலேயே உலர்ந்த ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 17, திங்கள்

மழை விட்டது. தும்மல். அம்மா கஷாயம், கூடவே வசவு.

ஸ்லைடுகள் முடிந்தன. 13: முகடு. 14: விளக்கின் போட்டோ, கீழே தெர்மாமீட்டர், 74 தெரிகிறபடி.

இ-யைத் தொடவில்லை.

பிரபா அக்கா பேசுவதில்லை. அவள் பெஞ்சுக்கும் என் பெஞ்சுக்கும் நடுவே நாலு அடி. ஸ்பேனரை மேசையில் நகர்த்தித் தந்தாள், கையில் தரவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

வெயில்.

நாள் 10. ஒன்பதரை. சார் தானே வந்தார். முத்திரையில் தன் கையெழுத்தைப் பார்த்து, தானே கிழித்தார். மணிகள் நீலம். "ம்" என்றார்.

எண்களை அவரே படிக்கிறேன் என்றார். நான் உலையைப் பார்த்துக்கொண்டேன். 40. 50. 55. லேபில் அந்த நேரம் யார் தும்மினாலும் அடித்திருப்பேன். நான்தான் தும்மினேன்.

57. "அதேதான்."

58. "அதேதான்."

59. சார் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி நெற்றியில்.

61இல் முகடு. நாலாம் தேதி பார்த்ததில் பாதி உயரம். பாதிதான். ஆனால் அதே இடம். பத்து நாளில் பாதி வால்கள் வரிசைக்குத் திரும்பியிருக்கின்றன, யாரும் கூப்பிடாமல், சொட்டு ஈரம் இல்லாமல்.

சார் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சரி. தண்ணி இல்ல."

நான் அழுவேன் என்று நினைத்தேன். பசித்தது.

பிறகு அவர் அறையில்:

"பீக்கைப் போடு. நல்லா போடு. விளக்கைப் போடாத."

"சார்?"

"பதினாலை எடுத்துடு. வேற முறைல வளர்த்த படிகம், அதனால புது நிலைமாற்றம்னு சொல்லிக்கலாம்."

"அதே முறைலதான் சார் வளர்த்தேன். அதே பீக்கர்."

"ஷீபா. அந்த விளக்குக்குக் கீழ மூணு பேப்பர் இருக்கு. பிரபா தீசிஸ் இருக்கு. ரெண்டு ஜூனியர் இருக்காங்க. உனக்கு வேண்டியது கிடைச்சிடுச்சில்ல?"

எனக்கு வேண்டியது. முகடு வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இன்று காலை ஒன்பதரை வரை. இப்போது முகடு கையில் இருக்கிறது. அதற்குப் பொய்யாக ஒரு அப்பா, அம்மாவை ஏற்பாடு செய்கிறார் சார்.

"யோசிக்கிறேன் சார்" என்றேன். கோழைத்தனம். யோசிக்க ஒன்றுமில்லை என்று அப்போதே தெரியும்.

நவம்பர் 19, புதன்

மேகம். காற்று.

காலையில் பிரபா அக்காவிடம் நானே போனேன். அவள் யாரோ சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது. "வந்துடுச்சுக்கா. நாளைக்கு விளக்கையும் சொல்லப் போறேன். சார் வேண்டாங்கறார். உங்ககிட்ட கேக்க வரல, சொல்ல வந்தேன்."

நிமிரவில்லை. "சொல்லிட்ட இல்ல. போ."

போனேன்.

பதினோரு மணிக்கு மீட்டர் அறைக் கதவு உள்ளே தாழ். முறைப் பலகையில் யார் பெயரும் இல்லை. உணவு இடைவேளையிலும் தாழ்.

நாலு மணி. என் மேசையில் ஒரு காகிதம் விழுந்தது. கோடு. 61இல் முகடு. பாதி இல்லை, முழு உயரம்; என் முதல் படிகத்தைவிட ஒரு மயிரிழை அதிகம்.

"இது எது அக்கா?"

"என்னுது. மூணு வருஷம் முன்னாடி அளந்து தட்டையா வந்தது. கம்பியோட அப்படியே டப்பால கிடந்துச்சு, மணி போட்டு. நான் எதையும் தூக்கிப் போட மாட்டேன், தெரியும்ல."

மூன்று வருஷம். வால்கள் எல்லாம் வரிசைக்கு வந்து, அவள் மேசை டிராயரில் படுத்திருந்திருக்கின்றன. அவள் தட்டைக் கோட்டைப் பற்றி நாற்பது பக்கம் எழுதிக்கொண்டிருந்த அதே மேசை.

"மூணாவது சாப்டர் போச்சு" என்றாள். "சந்தோஷமா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத."

"கொஞ்சம்."

"கொஞ்சம்தான?" சிரிக்கவில்லை. என் பென்சிலை எடுத்து, கோட்டின் மேல் தன் முழுப்பெயரை, இனிஷியலோடு எழுதினாள். "ஸ்லைடுல போடு. பேரு பெருசா இருக்கணும். யாரோ ஒருத்தி வந்து என் தப்பைக் கண்டுபிடிச்சான்னு இருக்கக் கூடாது. நான் கண்டுபிடிச்சேன்."

"ஜனவரி?"

"ஏப்ரல்னு சொல்லிட்டு வந்தேன் வீட்ல. குதிக்கறாங்க. குதிக்கட்டும்."

பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சமாதானம் என்று சொல்ல முடியாது. ஸ்பேனரை மட்டும் என் கையில் தந்தாள்.

டில்லி அண்ணா விளக்கைக் கழற்றவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதன் கழுத்தில் ஒரு அட்டை கட்டினேன்: 74 டிகிரி. தெரிந்து வைக்கவும்.

நவம்பர் 20, வியாழன்

தூறல். புதுக் குடை.

– லேப்டாப், சார்ஜர், பென் டிரைவ் இரண்டு
– படிகம் இ, டப்பாவில்
– பி. அக்கா கோடு: ஸ்லைடு 15. பெயர் பெரிதாக
– தும்மல் மாத்திரை

கிளம்பும்போது அம்மா, செருப்பு மாட்டிக்கொண்டே: "அந்த தொண்ணூத்தெட்டுக்கு அரை மார்க் போட்டுட்டேன். இனிமே அதப் பத்திப் பேசாத." அரை போதாது என்றேன். போடி என்றாள்.

ஒன்பது ஐம்பது. கமிட்டி அறைக்கு வெளியே பெஞ்சு. முழங்காலில் வைத்து எழுதுகிறேன். உள்ளே டம்ளர் சத்தம், யாரோ ஏ.சி.யைக் குறைக்கச் சொல்கிறார்கள். பெஞ்சின் மறுகோடியில் பிரபா அக்கா. இன்று அவளுக்கு இங்கே வேலை இல்லை. பட்டுப் புடவை.

சார் வந்தார். ஸ்வெட்டர் இல்லை, கோட்டு.

"பதினாலு எடுத்துட்டியா?"

"இல்ல சார். பதினஞ்சு சேத்திருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். பெஞ்சின் மறுகோடியைப் பார்த்தார். அக்கா எழுந்து நிற்கவில்லை. "குட் மார்னிங் சார்" என்று உட்கார்ந்தபடியே சொன்னாள்.

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிற்கிறார்.

கூப்பிடுகிறார்கள்